நம் நோய்க் குறிப்பு யாருக்குச் சொந்தம்?

தாராவியிலும் ஆண்டாப் ஹில்லிலும் செம்பூரிலும் பத்துக்குப் பத்து கோலியில் குடியிருக்கிற நமக்கு இரகசியம் என்று ஒன்று உண்டா என்று சிலர் சிரிக்கக் கூடும். பக்கத்துக் கோலியில் இருமினால் இந்தக் கோலியில் தூக்கம் கெடுகிறது. யார் வீட்டில் இன்று என்ன குழம்பு என்பது சந்து முழுவதற்கும் தெரியும். குழாயடியில் தண்ணீர் வரும் அரைமணி நேரத்தில் ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறை வரலாறும் அலசப்பட்டுவிடுகிறது. இப்படி வாழ்கிற மக்களிடம், 'உங்கள் உடல்நலக் குறிப்புகளைக் காத்துக்கொள்ளுங்கள்' என்று ஒரு தலையங்கம் எழுதுவது, மலபார் ஹில் மாளிகைக்காரர்களின் கவலையை நாம் கடன் வாங்கியது போலத் தோன்றலாம்.

அப்படி அல்ல என்பதைச் சொல்லவே எழுதுகிறோம். சந்துக்குத் தெரிந்த சேதி பெரும்பாலும் சந்தோடு நிற்கும். நாளடைவில் மறந்தும் போகும். நம் இருமலைக் கேட்ட அதே பக்கத்து வீட்டு அக்காதான் மறுநாள் கஞ்சி காய்ச்சிக்கொண்டு வருகிறாள். கைப்பேசிக்குள் போன சேதி மறக்கப்படுவதும் இல்லை; கஞ்சி கொண்டு வருவதும் இல்லை.

நம் பிள்ளைகள் நமக்காக இறக்கித் தருகிற செயலிகளை எண்ணிப் பாருங்கள். எத்தனை அடி நடந்தோம் என்று ஒன்று கணக்கெடுக்கிறது. காலையில் சர்க்கரை எத்தனை, இரத்த அழுத்தம் எத்தனை என்று ஒன்று கேட்கிறது. பெண்களுக்கு மாதவிலக்கு நாள் குறிக்க ஒன்று. கர்ப்பிணிகளுக்கு வாரம் எண்ண ஒன்று. அதோடு, ஒரே நோய் உள்ளவர்கள் ஒன்றுகூடிப் பேசிக்கொள்ளும் குழுக்கள் வேறு. சர்க்கரைக்கு ஒரு குழு, தைராய்டுக்கு ஒரு குழு, பிள்ளை இல்லாதவர்களுக்கு ஒரு குழு. நாம் இவற்றின் எதிரிகள் அல்ல. பெரிய ஆஸ்பத்திரியில் காலை ஆறு மணிக்குப் போய் வரிசையில் நின்று, பதினொரு மணிக்கு டாக்டர் முன்னால் உட்கார்ந்தால், அவர் நமக்குத் தருவது இரண்டு நிமிடம். அவர் பேசுவது மராத்தியும் இந்தியும். நம் தாய்மார்கள் தலையாட்டிவிட்டு வெளியே வந்து, 'அவர் என்ன சொன்னார்?' என்று கம்பவுண்டரைக் கேட்கிறார்கள். இந்த நிலையில், அதே நோயோடு கோவையில் இருக்கிற ஒரு பெண் தமிழில், 'அக்கா, எனக்கும் இப்படித்தான் இருந்தது, பயப்படாதீங்க' என்று எழுதினால், அந்த ஒரு வரி மாத்திரைக்குச் சமம். அதை வேண்டாம் என்று சொல்ல நமக்கு மனமில்லை, உரிமையும் இல்லை.

ஆனால் நம் உறுப்பினர் குடும்பம் ஒன்றில் நடந்ததைக் கேளுங்கள். ஊர், பெயர், தெரு எதையும் சொல்லப் போவதில்லை. சொன்னால் நாம் எழுதுவதற்கே பொருள் இல்லாமல் போகும்.

அந்தப் பெண்ணுக்குச் சிறு வயதிலிருந்தே வலிப்பு உண்டு. மாத்திரையில் கட்டுப்பட்டு, தையல் கம்பெனிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். வலிப்பு வந்த நாள், நேரம், எத்தனை நிமிடம், முந்தின இரவு தூங்கினாளா, மாத்திரை தவறியதா என்று குறித்து வரச் சொல்லியிருந்தார் டாக்டர். அது நல்ல யோசனை. டாக்டர் மருந்தின் அளவைக் கூட்டவும் குறைக்கவும் அந்தக் குறிப்புதான் துணை. முதலில் நோட்டில் எழுதினாள். பிறகு கைப்பேசியில் ஒரு செயலி கிடைத்தது. அதிலேயே நோயாளிகள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ளும் இடமும் இருந்தது. கல்யாணம் பேசி முடித்த சமயம், இந்த மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டே பிள்ளை பெறலாமா என்று அங்கே ஒரு கேள்வி கேட்டாள். கேட்க வேண்டிய கேள்விதான். வலிப்பு மாத்திரைகளில் சில, வயிற்றுப் பிள்ளைக்குக் கெடுதல் செய்யும் என்பது மருத்துவ உலகம் அறிந்தது. முன்கூட்டியே டாக்டரைக் கலந்து மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டும். ஆனால் அவள் தன் சொந்தப் பெயரில், தன் படத்தோடு, சொந்த ஊரையும் போட்டுக் கேட்டாள். அந்தக் குழுவில் அதே பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் இருந்தார். எட்டே நாளில் அந்தக் கேள்வியின் ஸ்கிரீன்ஷாட் தென்காசிப் பக்கம் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டது. கல்யாணம் நின்றது. அதைக் காட்டிலும் வேடிக்கை, ஒரு மாதத்தில் தையல் கம்பெனியிலும், 'மிஷின் முன்னால் விழுந்து வைத்தால் யார் பொறுப்பு?' என்று கணக்கு முடித்துவிட்டார்கள்.

மாப்பிள்ளையிடம் மறைக்கலாமா என்று நம் பெரியவர்கள் கேட்பார்கள். மறைக்கக் கூடாதுதான். அவள் சொல்வதாகத்தான் இருந்தாள், டாக்டரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு. சொல்ல வேண்டியவள் அவள். சொல்லும் நாளைத் தேர்ந்தெடுக்க வேண்டியவளும் அவள். அந்த உரிமையைத்தான் ஒரு ஸ்கிரீன்ஷாட் பிடுங்கிக்கொண்டது. இந்து திருமணச் சட்டத்தில் திருமணத்துக்குத் தடையான காரணங்களில் ஒன்றாக ஒரு காலத்தில் வலிப்பும் எழுதப்பட்டிருந்தது. 1999ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நாடாளுமன்றம் அதை நீக்கிவிட்டது. சட்டப் புத்தகத்திலிருந்து போன களங்கம் ஊர் வாயிலிருந்து போகவில்லை. அது போகும் வரை அந்தப் பெண்ணுக்குத் தன் நோயைத் தானே சொல்லிக்கொள்ளும் உரிமையாவது வேண்டாமா?

நோய்ச் செய்தி கைமாறினால் என்ன ஆகும் என்பதை, சொந்த ஊர் விட்டு வந்த நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 2020ஐ நினைத்துப் பாருங்கள். அந்த ஆண்டு மார்ச்சில் மராட்டிய அரசு, வீட்டுத் தனிமைக்கு அனுப்பப்பட்டவர்களின் இடது கையில் தேர்தல் மையால் முத்திரை குத்த உத்தரவிட்டது. முத்திரையோடு ரயிலேறியவர்களைக் கண்டு சக பயணிகள் கூச்சலிட, பால்கர் நிலையத்தில் நான்கு பேர் இறக்கிவிடப்பட்டார்கள். கர்நாடக அரசோ தனிமையில் இருந்தவர்களின் முகவரிப் பட்டியலையே ஊரறிய வெளியிட்டது; அவர்கள் மணிக்கு ஒரு முறை தம் முகத்தைப் படம் பிடித்து அனுப்ப வேண்டும் என்றும் சொன்னது. கதவுகளில் நோட்டீஸ் ஒட்டினார்கள். அப்படி ஒட்டும் தேவை இல்லை, பேரிடர் சட்டத்தின் கீழ் உரிய அதிகாரி குறிப்பாக உத்தரவிட்டால் அன்றி ஒட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது டிசம்பர் மாதம் 9ஆம் தேதி ஆகிவிட்டது. அதற்குள் ஒட்ட வேண்டியதெல்லாம் ஒட்டியாகிவிட்டது.

அன்றைக்கு நம்மை அதிகம் வருத்தியது நம் சொந்த மாநிலம்தான். இதைச் சொல்லத் தயங்கவில்லை. தமிழக அரசு நாள்தோறும் வெளியிட்ட அறிக்கையில் மராட்டியத்திலிருந்து வந்தவர்கள் இத்தனை பேர் என்று தனிக் கணக்கு வந்தது. கணக்கெடுப்பது நோய்த் தடுப்புக்குத் தேவை என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கணக்கு நம் ஊர்த் தெருக்களில் என்னவாக மாறியது? 'பம்பாய்க்காரன் வந்திருக்கிறான்' என்றால் நோய் வந்திருக்கிறது என்று பொருளாயிற்று. முப்பது வருடம் மணியார்டர் அனுப்பிய கையை ஊர்க் கிணற்றில் தண்ணீர் இறைக்க விடவில்லை. இங்கேயோ, தாராவி முகவரியைப் பார்த்தவுடன் வேலை இல்லை என்று சொன்ன முதலாளிகள் இருந்தார்கள். இரண்டு ஊருக்கும் நடுவே நாம் நின்றோம், நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

அந்த ஆண்டு வந்த ஆரோக்கிய சேது செயலியையும் மறந்திருக்க மாட்டீர்கள். ஏப்ரல் 2ஆம் தேதி அறிமுகம். மே 1ஆம் தேதி உள்துறை உத்தரவில் எல்லா ஊழியர்களுக்கும் கட்டாயம். 17ஆம் தேதி உத்தரவில் 'இயன்ற அளவு' என்று தளர்வு. இடையில், சிறப்பு ரயிலில் ஏற வேண்டுமானால் கைப்பேசியில் அது இருக்க வேண்டும் என்றது ரயில்வே. பட்டன் போன் மட்டுமே வைத்திருந்த கொத்தனார்களும் சித்தாட்களும் என்ன செய்வார்கள் என்று யாரும் கேட்கவில்லை. அதில் சேர்ந்த தகவல்களை, சொந்தக்காரரின் சம்மதமின்றி வேறு துறைகளுக்குத் தரக் கூடாது என்று கர்நாடக உயர் நீதிமன்றம் 2021 ஜனவரியில் இடைக்கால உத்தரவு போட்டது. தொடர்பு அறியும் பகுதி நிறுத்தப்பட்டது, திரட்டிய தகவல் அழிக்கப்பட்டது என்று 2023இல் நாடாளுமன்றத்தில் அரசு பதில் சொன்னது. அழித்ததை நாம் பார்க்க முடியாது. சொன்னதைத்தான் கேட்க முடியும்.

இனி, நோயாளிகள் தாமே கூடும் இடங்களுக்கு வருவோம். அமெரிக்காவில் 2004ஆம் ஆண்டு, தம் சகோதரர் ஒருவரைத் தாக்கிய நரம்பு நோயால் தூண்டப்பட்டுச் சிலர் தொடங்கிய அமைப்பு 'பேஷன்ட்ஸ்லைக்மீ'. எந்த மருந்து எத்தனை மில்லிகிராம், எந்த நாள் என்ன வலி என்று நோயாளிகளே அதில் எழுதினார்கள்; ஒருவர் கணக்கைப் பார்த்து இன்னொருவர் தெரிந்துகொண்டார்கள். நல்ல காரியம். 2010 மே மாதத்தில் அதன் மனநலப் பகுதியில் ஒரு புதிய உறுப்பினர் சேர்ந்தார். உறுப்பினர்கள் தமக்குள் எழுதியவற்றை அவர் வரி விடாமல் பிரதி எடுத்துக்கொண்டிருந்தார். பிறகுதான் தெரிந்தது, அது மனிதரே அல்ல. சந்தை ஆராய்ச்சி செய்யும் நீல்சன் கம்பெனியின் கணினி நிரல் அது! மனச்சோர்வில் இருப்பவர்கள் தற்கொலை எண்ணத்தைப் பற்றியெல்லாம் மனம் விட்டுப் பேசுகிற இடத்தில், எந்த மருந்தைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று கம்பெனிகளுக்கு விற்பதற்காகக் காது வைத்திருந்தார்கள். இன்னொன்றும் அப்போது பலருக்கு உறைத்தது. அந்த அமைப்பே, பெயரை நீக்கிவிட்டு உறுப்பினர்களின் குறிப்புகளை மருந்துக் கம்பெனிகளுக்கு விற்றுத்தான் பிழைத்து வந்தது. அதை அவர்கள் மறைக்கவில்லை, எழுதியே வைத்திருந்தார்கள். படித்தவர்கள்தான் குறைவு.

மாதவிலக்கு நாள் குறிக்கும் 'ஃப்ளோ' செயலியின் கதை அதைவிடக் கசப்பானது. இதை உலகம் முழுவதும் கோடிக்கணக்கான பெண்கள் பயன்படுத்துகிறார்கள். தகவலை வெளியே தரமாட்டோம் என்று வாக்களித்துவிட்டு, ஒரு பெண் கர்ப்பம் என்று குறித்ததைக் கூட ஃபேஸ்புக், கூகுள் போன்றவற்றின் விளம்பரப் பிரிவுகளுக்கு அது அனுப்பியதாக அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டியது. 2021இல் சமரசம் ஆயிற்று. அதே விவகாரத்தில் 2025 ஆகஸ்டில் கலிபோர்னியாவில் ஜூரி ஒன்று, ஃபேஸ்புக்கின் தாய்க் கம்பெனியான மெட்டா தவறு செய்தது என்று தீர்ப்பளித்தது. வயிற்றில் வளரும் சிசு, தகப்பனுக்குத் தெரியுமுன் விளம்பரக் கம்பெனிக்குத் தெரிந்திருக்கிறது.

பெயரை நீக்கிவிட்டால் போதாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல். '45 வயது, ஆண், சொந்த ஊர் ஆழ்வார்குறிச்சிப் பக்கம், தாராவியில் தோல் பட்டறை, காசநோய்க்கு ஆறாவது மாதம்' என்று பெயரில்லாமல் எழுதிப் பாருங்கள். வெளியாருக்கு அது யாரோ ஒருவர். நம் சங்கத்துக் கூட்டத்தில் வாசித்தால் நான்கு பேர் திரும்பி ஒருவரையே பார்ப்பார்கள். பெருங்கூட்டத்தில் கலந்து மறைவது எளிது. சிறு சமூகத்தில் பெயரே தேவையில்லை. நமக்கு இந்த ஆபத்து மற்றவர்களைவிட அதிகம்.

உள்நாட்டுக் கிடங்குகள் மட்டும் பத்திரமா? 2022 நவம்பர் 23ஆம் தேதி டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகளைத் திருடர்கள் பூட்டிவிட்டார்கள். பல நாள் காகிதத்தில் சீட்டு எழுத வேண்டியதாயிற்று. 2023 ஜூனில், கைப்பேசி எண்ணைப் போட்டால் தடுப்பூசி போட்டுக்கொண்டவரின் பெயரையும் அடையாள எண்ணையும் ஒரு டெலிகிராம் கணக்கு எடுத்துக் கொடுத்தது. கோவின் தளம் பத்திரமாக இருக்கிறது என்றது சுகாதார அமைச்சகம். பிறகு பீகாரில் கைதும் நடந்தது. 2024இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்கள், மருத்துவ அறிக்கைகள் உட்பட, அதே டெலிகிராமில் கடை விரிக்கப்பட்டன. நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அரசு, தனியார், வடக்கு, தெற்கு என்ற பேதம் இதில் இல்லை.

இத்தனையும் சொல்லிவிட்டு, எதையும் கணினியில் ஏற்றாதீர்கள் என்று சொன்னால் அது நமக்கே துரோகம். ஏனென்றால் இந்த நாட்டில் மருத்துவக் குறிப்பை அதிகம் தொலைப்பவர்கள் நாம்தான். கோலி மாறும்போது எக்ஸ்ரே மடங்கிவிடுகிறது. மழை வந்தால் பரண் ஒழுகிப் பைல் நனைகிறது. ஊருக்குப் போய் மூன்று மாதம் இருக்கும்போது, இங்கே என்ன மருந்து கொடுத்தார்கள் என்று அங்குள்ள டாக்டர் கேட்டால், 'வெள்ளை மாத்திரை, ரெண்டு வேளை' என்கிறார் நம் அண்ணாச்சி. காசநோய் மருந்தை நடுவில் விட்டால் அந்த நோய் முரண்டு பிடித்துத் திரும்பி வரும். ஆகவே, மும்பையில் தொடங்கிய சிகிச்சையை நெல்லையில் தொடர அரசின் நிக்ஷய் பதிவு உதவுகிறது. 2024 நவம்பர் முதல் மாதம் 1000 ரூபாயாக உயர்ந்த ஊட்டச்சத்து உதவித்தொகைக்கும் அந்தப் பதிவுதான் வழி. 2021 செப்டம்பரில் நாடு முழுவதற்கும் கொண்டுவரப்பட்ட 14 இலக்க 'ஆபா' உடல்நல எண்ணின் நோக்கமும் இதுதான் என்கிறார்கள். நோக்கம் நல்லதே. நோயை டாக்டரிடம் மறைப்பதும், வீட்டில் காசநோயாளி இருந்தால் உடனிருப்பவர்கள் பரிசோதனைக்குப் போகாமல் இருப்பதும் தற்காப்பு ஆகாது.

ஆனால் ஆபா எண் விருப்பத்தின் பேரில் எடுப்பது. அது இல்லை என்று சிகிச்சை மறுக்கக் கூடாது. தடுப்பூசிக்கு ஆதார் கொடுத்தபோதே தம் பெயரில் உடல்நல எண் உருவானதைப் பிறகு கண்டுகொண்டவர்கள் 2021இல் பலர். சில கவுண்டர்களில் இன்றும் அது இருந்தால்தான் சீட்டு என்பது போலப் பேசுகிறார்கள். 'இது கட்டாயமா?' என்று ஒரு முறை திருப்பிக் கேளுங்கள். கேட்ட மாத்திரத்தில் குரல் இறங்குவதைக் காண்பீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னது 2017 ஆகஸ்ட் 24ஆம் தேதி. அதன் பிறகு ஆறு ஆண்டு கழித்து, 2023 ஆகஸ்டில், டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியமான பிரிவுகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாதம், அதாவது 2027 மே என்று அந்த விதிகளில் நாள் குறித்தார்கள். தீர்ப்புக்கும் நடைமுறைக்கும் நடுவே பத்து ஆண்டு. அதுவரை திருடர்கள் காத்திருக்கவில்லை.

அந்தச் சட்டத்தில் நமக்குப் பயன்படும் சில இடங்கள் உண்டு. நம் சம்மதத்தைக் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்தில் மட்டுமன்றி, அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள எந்த மொழியிலும் படிக்க வசதி தர வேண்டும். அந்த அட்டவணையில் தமிழ் இருக்கிறது. மும்பையில் இருந்தாலும் சூரத்தில் இருந்தாலும் தமிழில் கேட்பது நம் உரிமை. யாரும் இரங்கித் தருவதல்ல. தேவைக்கு மேல் தகவல் கேட்கக் கூடாது என்பதற்குச் சட்டமே ஓர் உதாரணம் தருகிறது. மருத்துவ ஆலோசனை தரும் செயலி ஒன்று, நம் கைப்பேசியில் உள்ள தொடர்பு எண்களையும் கேட்கிறது, நாமும் சரி என்று அழுத்திவிடுகிறோம் என்று வையுங்கள். வைத்தியத்துக்கு நம் மைத்துனர் நம்பர் எதற்கு? அந்தச் சம்மதம் வைத்தியத்துக்கு மட்டுமே செல்லும் என்கிறது சட்டம். கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம், அழிக்கச் சொல்லலாம். 18 வயது நிரம்பாத பிள்ளைகளுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும்.

இனி ஓட்டைகள். நாமே பொது இடத்தில் வெளியிட்ட தகவலுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. வலிப்பைப் பற்றிப் பலரும் பார்க்கும் இடத்தில் எழுதிய நம் பெண்ணுக்கு இதில் பாதுகாப்பு இல்லை. ஸ்கிரீன்ஷாட்டைச் சொந்த வம்புக்காக அனுப்பிய ஊர்க்காரர் மீதும் இது பாயாது, ஏனெனில் தனி மனிதரின் சொந்த, வீட்டுக் காரியங்களை இது தொடுவதில்லை. மூன்றாவதாக, உழைக்கும் மக்கள் கூர்ந்து பார்க்க வேண்டியது ஒன்று. வேலை தொடர்பான காரணங்களுக்கும், முதலாளியை இழப்பிலிருந்து காப்பதற்கும் தொழிலாளியின் தகவலை அவர் சம்மதமின்றியே பயன்படுத்தலாம் என்று ஒரு பிரிவு இருக்கிறது. மிஷின் முன் விழுந்தால் யார் பொறுப்பு என்று கேட்ட முதலாளிக்கு இதைவிட வசதியான வாசகம் வேறு வேண்டுமா? அரசுத் துறைகளுக்குப் பரந்த விலக்கு உண்டு. தவறிய கம்பெனிக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் போடலாம். அதில் ஒரு காசு கூட பாதிக்கப்பட்டவருக்குப் போகாது, அத்தனையும் அரசுக் கஜானாவுக்கே. நம் காயத்துக்கு அரசு மருந்து கட்டிக்கொள்கிறது! முறையீட்டைக் கேட்கும் வாரியம் கணினி வழியே இயங்கும் அலுவலகமாக இருக்கும் என்கிறார்கள். கணினியால் கெட்டவன் கணினியில்தான் முறையிட வேண்டும். பழைய 2011 விதிகளில் உடல்நிலையும் மருத்துவப் பதிவும் கூடுதல் காப்புக்கு உரிய தகவல்கள் என்று தனியே குறிக்கப்பட்டிருந்தன. புதிய சட்டத்தில் அந்தப் பிரிவினையே இல்லை. சோப்பு வாங்கிய கணக்கும் எக்ஸ்ரேயும் அதற்கு ஒன்று.

இப்படித்தான் இருக்க முடியும் என்றில்லை. 2017ஆம் ஆண்டின் எச்ஐவி சட்டம், ஒருவரின் நிலையை அவர் அறிந்து தரும் சம்மதமின்றி வெளியிடக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. அதைக் காட்டி வேலை மறுக்கவும் தடை போடுகிறது. அதே ஆண்டின் மனநலச் சட்டமும் நோயாளியின் இரகசியத்தை உரிமை என்கிறது. அந்த உரிமை காசநோய்க்கும் வலிப்புக்கும் கருப்பை நோய்க்கும் ஏன் கூடாது? தொழிலாளியின் உடல்நலத் தகவலை முதலாளிக்கான அந்தப் பிரிவிலிருந்து வெளியே எடுக்க வேண்டும், அபராதத்தில் பாதிக்கப்பட்டவருக்குப் பங்கு வேண்டும், காகிதத்தில் தமிழில் எழுதிய முறையீட்டை வாரியம் ஏற்க வேண்டும் என்று கோருகிறோம். ஓட்டுக் கேட்டு நம் சந்துக்கு வருகிற எல்லாக் கட்சிக்காரர்களிடமும் இதைக் கேட்க வேண்டும். தமிழ்நாட்டு உறுப்பினர்கள் நாடாளுமன்றத்தில் தமிழுக்காகக் குரல் கொடுக்கிறார்கள். வெளி மாநிலத்தில் ஒரு தமிழ்த் தாய் எந்த மொழியில் சம்மதம் தந்தாள் என்பதும் தமிழ்ப் பிரச்சினைதான்.

இங்கே வேறொரு அநீதியையும் சொல்லிவிட வேண்டும். பணம் உள்ளவர் வீட்டு நோய் மூடிய கதவுக்குள் தீருகிறது. நம் குழந்தைக்கு இதய அறுவைச் சிகிச்சை என்றால், மூக்கில் குழாயோடு படம் எடுத்து, பெயரும் தெருவும் போட்டு, உலகம் முழுவதும் அனுப்பி நிதி திரட்ட வேண்டியிருக்கிறது. அந்தக் குழந்தை பிழைத்து, படித்து, இருபது வயதில் வேலைக்குப் போகும்போதும் அந்தப் படம் இருக்கும். கையேந்துகிறவர் மீது குற்றம் இல்லை. ஆனால் உதவி செய்கிறவர்கள், முகத்தையும் முகவரியையும் காட்டினால்தான் பணம் என்ற பிடிவாதத்தை விட வேண்டும். சங்கம் பொறுப்பேற்றுச் சான்று தந்தால் போதாதா? இவ்விதழில் வரும் உதவிக் கோரிக்கைகள் சங்கத்தின் பெயரில்தான் வருகின்றன. நோயாளியின் படம் வெளிவருவதில்லை.

தாய்மார்களுக்கும் தம்பி தங்கைகளுக்கும் சில வேண்டுகோள்கள். நோய்க் குழுவில் சேருங்கள், கேளுங்கள், சொல்லுங்கள். ஆனால் வேறொரு பெயரில். பூவின் படமோ சாமி படமோ போதும், உங்கள் முகம் வேண்டாம். ஊர், வேலை, பிள்ளையின் பள்ளி ஆகிய மூன்றில் இரண்டு சேர்ந்தாலே நீங்கள் யாரென்று நம்மவருக்குத் தெரிந்துவிடும். இரத்தப் பரிசோதனைச் சீட்டைப் படம் எடுத்துப் போடாதீர்கள். தலைப்பில் பெயரும் வயதும் கைப்பேசி எண்ணும் பதிவு எண்ணும் இருக்கிறது. தேவையான எண்ணிக்கையை மட்டும் கையால் எழுதுங்கள். வீட்டில் ஒரே கைப்பேசிதான் என்றால், அக்காவின் குறிப்பு தம்பியின் நண்பர்கள் கண்ணில் படும் என்பதை மறக்காதீர்கள். வலிப்பு நாளையும் மாதவிலக்கு நாளையும் குறிக்க இரண்டு ரூபாய் நாட்காட்டி அட்டை இன்றும் குறைந்ததல்ல. ஜெராக்ஸ் கடையில் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஆதாரை எடுத்தவுடன் அழிக்கச் சொல்லி நின்று பாருங்கள். கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் ஆதார் பிரதி போதும் என்கிற இடத்தில் அதையே கொடுங்கள். ஓடிபி கேட்கிற கை எந்த வெள்ளைச் சட்டைக்குள் இருந்தாலும், எதற்கு என்று தெரியாமல் சொல்லாதீர்கள். அடுத்தவர் நோய் பற்றிய ஸ்கிரீன்ஷாட் உங்கள் கைக்கு வந்தால், அது உங்களோடு நிற்கட்டும்.

முக்காதம் அல்லது காண்டிராக்டர், வேலைக்கு எடுக்குமுன் இரத்தப் பரிசோதனைச் சீட்டையோ கர்ப்பப் பரிசோதனையையோ கேட்டால், கொடுப்பதற்கு முன் சங்கத்துக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். தனியாக மறுத்தால் வேலை போகும். முப்பது பேர் சேர்ந்து, 'எந்தச் சட்டப்படி கேட்கிறீர்கள், எழுதிக் கொடுங்கள்' என்று கேட்டால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

சங்கம் நடத்தும் மருத்துவ முகாம்களில் பெயருக்குப் பதில் டோக்கன் எண்தான். சர்க்கரை, அழுத்தம் பார்த்த சீட்டு நோயாளியின் கையில் மட்டுமே. நம் ஏட்டில் வந்தவர் எண்ணிக்கை தவிர வேறில்லை. பரிசோதனை நடக்கும் அறையில் படம் எடுக்க அனுமதி கிடையாது, வருகை தரும் பிரமுகர்களுக்கும் சேர்த்துத்தான். மருந்துக் கம்பெனியோ காப்பீட்டுக்காரரோ பந்தல் போட்டுத் தருகிறோம், பெயர்ப் பட்டியல் மட்டும் தாருங்கள் என்றால், பந்தலை நாமே போட்டுக்கொள்வோம்.

செயலியில் உள்ள கணக்கை அழிக்கவும், ஆபா எண்ணை வேண்டாம் என்று திருப்பித் தரவும், கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும் எழுத வேண்டிய கடித மாதிரி தமிழிலும் மராத்தியிலும் சங்க அலுவலகத்தில் இருக்கிறது. ஞாயிறு மாலை ஐந்து முதல் எட்டு வரை இளைஞர் அணியினர் இருப்பார்கள். பெண்களுக்குத் தனியாக உதவ மகளிர் அணித் தோழியர் இருவர் இருப்பார்கள். கைப்பேசியைக் கொண்டு வாருங்கள். என்ன நோய் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.